வேலூர்க் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சுரங்க மெட்ரோ நிலையம் கட்ட முடியுமா?

காட்பாடியில் ரயிலேறி அடிக்கடி சென்னைக்குப் போய்வரும் வேலூர்த் தம்பி ஒருவர் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் ஒரு சுரங்க நிலையத்தைக் கட்டி முடிக்க ஏன் இத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்பது முதல் கேள்வி. காட்பாடியிலிருந்து பாகாயம் வரை வேலூருக்கும் ஒரு மெட்ரோ வந்து, கோட்டைப் பக்கம் அது பூமிக்கடியில் போக நேர்ந்தால் அங்கே நிலையம் கட்ட இயலுமா என்பது இரண்டாவது. அவருடைய அப்பாவுக்கு லாங் பஜாரில் கடை இருக்கிறது. அப்படி ஒரு வேலை தொடங்கினால் கடையின் கதி என்ன என்பது மூன்றாவது. சுரங்க நிலையப் பணியிடங்களில் இருந்த சிவில் பொறியாளன் என்ற முறையிலும், வேலூரைச் சொந்த ஊராகக் கொண்டவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

மெட்ரோ என்றாலே ராட்சத எந்திரம் பூமியைக் குடைந்துகொண்டு போகும் படம்தான் பலருக்கும் மனத்தில் வருகிறது. தாமதமும் அங்கேதான் ஏற்படுகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் காலத்தைத் தின்பது பெரும்பாலும் நிலையம்தான். நல்ல மண்ணில் ஒரு சுரங்க எந்திரம் நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மீட்டர் வரை முன்னேறும். அடுத்தடுத்த நிலையங்களுக்கு இடையே ஒரு கிலோமீட்டர் இருந்தால் நான்கு மாதத்தில் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் எந்திரத்தை இறக்குவதற்கு ஒரு பள்ளம் வேண்டும், வெளியே எடுப்பதற்கும் ஒரு பள்ளம் வேண்டும். அந்தப் பள்ளங்கள் பெரும்பாலும் நிலையங்களாகவே இருக்கின்றன. நிலையப் பள்ளம் தயாராகவில்லை என்றால் எந்திரம் காத்துக்கிடக்கும். எந்திரம் உள்ளே வந்து போகும் வரை நிலையத்தின் தளங்களை முழுதாகக் கட்டி முடிக்கவும் முடியாது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டே போகும்.

சென்னையில் இப்போது நடப்பது சிறிய வேலை இல்லை. முதல் கட்டத்தில் 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு - ஆலந்தூர் இடையே ஓடத் தொடங்கியது முழுவதும் தூண்களின் மேல் செல்லும் பாதை. சுரங்கத்தில் முதல் ரயில் 2017 மே மாதம்தான், திருமங்கலம் - நேரு பூங்கா இடையே ஓடியது. வண்ணாரப்பேட்டையிலிருந்து அண்ணா சாலைக்கு அடியில் வரும் பகுதி 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஒரே திட்டத்தில், ஒரே நகரத்தில், மேலே போன பாதைக்கும் கீழே போன பாதைக்கும் இருந்த இந்த இடைவெளியே உங்கள் முதல் கேள்விக்குப் பாதி விடை. இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களில் மொத்தம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய், ஒன்றிய அமைச்சரவை இதற்கு 2024 அக்டோபர் 3 அன்று ஒப்புதல் அளித்தது. இதில் திருமயிலை போன்ற ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வழித்தடங்கள் அங்கே ஒன்றன்கீழ் ஒன்றாகக் கடக்கின்றன. அதனால் நிலையம் பல அடுக்குகளாக ஏறக்குறைய 35 மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. பத்து மாடிக் கட்டடம் ஒன்றைத் தலைகீழாகப் புதைக்கும் ஆழம் அது. அதையும் நூறாண்டு பழைய வீடுகளுக்கும் கோயில் வீதிகளுக்கும் நடுவே செய்ய வேண்டியிருக்கிறது.

வேலை எந்த வரிசையில் நடக்கிறது என்று சொன்னால் தாமதம் எங்கே உண்டாகிறது என்பது விளங்கும். தோண்டுவதற்கு முன்பு, பூமிக்குள் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மழைநீர்க் கால்வாய், மின்வாரியக் கேபிள், தொலைபேசிக் கேபிள் ஆகிய ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறைக்குச் சொந்தம். வரைபடத்தில் சாலையின் இடது பக்கம் காட்டப்பட்ட குழாய் வலது பக்கத்தில் இருப்பது மிகவும் சாதாரணம். ஆகையால் எந்திரம் வைத்துத் தோண்டாமல், ஆட்களை விட்டுக் கடப்பாரையும் மண்வெட்டியுமாகச் சோதனைப் பள்ளம் வெட்டித்தான் பார்ப்பார்கள். கிடைத்ததை எல்லாம் வேறு தடத்துக்கு மாற்றிய பிறகே நிலையத்தின் முதல் வேலை தொடங்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இந்தக் காலம் முழுவதும் தகரத் தடுப்புக்குள் ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும். ஓர் ஆண்டு இப்படியே கழிந்துவிடலாம். பொதுமக்களின் கோபம் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் எழுகிறது. அதைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் தடுப்புக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு பலகையில் எழுதி வைக்கக்கூட யாரும் மெனக்கெடுவதில்லை.

அடுத்தது சுவர். நிலையம் ஒன்று சுமாராக 200 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் பள்ளம் தோண்டிவிட்டுப் பிறகு சுவர் கட்ட முடியாது. மண் சரிந்து, பக்கத்துக் கட்டடத்தையும் இழுத்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். எனவே மண்ணைத் தோண்டுவதற்கு முன்பே, மண்ணுக்குள்ளேயே நான்கு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பிவிடுவார்கள். இதற்கு டயாஃப்ரம் சுவர் என்று பெயர். ஏறக்குறைய ஒரு மீட்டர் தடிமன், ஐந்து மீட்டர் நீளம், இருபத்தைந்து மீட்டர் ஆழம் என்று ஒவ்வொரு துண்டாக இதைச் செய்ய வேண்டும். குறுகிய பள்ளத்தை, மண்ணைக் கவ்வி எடுக்கும் கிராப் எந்திரம் வெட்டிக்கொண்டே போகப் போக, அதில் பென்டோனைட் என்னும் களிமண் கரைசலை நிரப்பிக்கொண்டே வருவார்கள். பக்கத்து மண் சரியாமல் தாங்கிப் பிடிப்பது அந்தக் கரைசலின் கனம்தான்.

ஒரு துண்டுக்குக் கான்கிரீட் இடும் இரவைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் இந்த வேலையின் அருமையை அறிவார்கள். இருபது டன் அளவுக்கு எடையுள்ள கம்பிக்கூட்டை இரண்டு கிரேன்கள் படுக்கையிலிருந்து மெல்லத் தூக்கி நிமிர்த்தி, கரைசல் நிறைந்த பள்ளத்துக்குள் இறக்குகின்றன. கூடு எங்காவது தட்டினால் உள்ளே மண் உதிரும். உதிர்ந்த மண் அடியில் தங்கினால் அந்த இடத்தில் சுவர் பின்னாளில் நீர் கசியும். கூடு இறங்கியதும் ட்ரெமி குழாயை அடி வரை விட்டு, அதன் வழியே கான்கிரீட்டை ஊற்றுகிறார்கள். கான்கிரீட் கீழிருந்து மேலே ஏற ஏற, இலேசான கரைசல் மேலே தள்ளப்பட்டு வெளியேறும். நான் சொன்ன அளவுள்ள ஒரு துண்டுக்கு 125 கன மீட்டர் கான்கிரீட் பிடிக்கும்; ஆறு கன மீட்டர் கொள்ளும் கலவை லாரி என்றால் இருபத்தொரு லாரிகள், இடைவெளி விடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு லாரிக்குப் பிறகும் ஒருவர் நுனியில் எடை கட்டிய நாடாவைப் பள்ளத்துக்குள் விட்டுக் கான்கிரீட் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து நோட்டில் எழுதுவார். ட்ரெமியின் வாய் எப்போதும் கான்கிரீட்டுக்குள் புதைந்தே இருக்க வேண்டும். கணக்குத் தவறி அதைச் சற்று அதிகம் தூக்கிவிட்டால், களிமண் கரைசல் கான்கிரீட்டுக்குள் கலந்து, சுவரின் நடுவே ஒரு மண் அடுக்கு நின்றுவிடும். நிலையத்தைச் சுற்றி வர 440 மீட்டர். ஐந்து மீட்டருக்கு ஒன்றாக எண்பத்தெட்டு துண்டுகள். எண்பத்தெட்டு முறையும் இதே கவனம் வேண்டும். பெரிய லாரிகளை நகரத்துக்குள் பகலில் விடமாட்டார்கள் என்பதால் இதில் பெரும்பகுதி இரவு வேலை.

சுவர் முடிந்தபின் தோண்டுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. மேலிருந்து அடிவரை தோண்டி, சுவர்கள் உள்ளே சாயாதபடி குறுக்கே இரும்பு உத்திரங்களை முட்டுக்கொடுத்து, அடித்தளத்திலிருந்து மேல்நோக்கிக் கட்டிக்கொண்டு வருவது ஒரு வழி. இது எளிது, தரமும் நன்றாக வரும். ஆனால் வேலை முடியும் வரை சாலை திரும்பக் கிடைக்காது. மற்றது, முதலில் கூரைத் தளத்தை மட்டும் போட்டு, அதன்மேல் மண் நிரப்பிச் சாலையைத் திறந்துவிட்டு, பிறகு கூரைக்கு அடியில் புகுந்து தோண்டி, தளம் தளமாகக் கீழே இறங்குவது. காற்றோட்டம் குறைவு, பெரிய எந்திரம் உள்ளே போகாது, மண்ணை ஒரு சில துளைகளின் வழியாகத்தான் வெளியே எடுக்க வேண்டும். அதனால் செலவும் நாளும் கூடும். ஆனாலும் கடைத்தெரு உள்ள இடங்களில் இரண்டாவது வழியைத்தான் நான் விரும்புவேன். பணம் சிறிது கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை. ஒரு தெருவின் வியாபாரத்தைப் பல ஆண்டுகள் முடக்கிவைக்கும் நட்டம் திட்ட அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் எழுதப்படுவதில்லை. எந்த வழியில் தோண்டினாலும் வெளியே எடுக்க வேண்டிய மண் அறுபதாயிரம் எழுபதாயிரம் கன மீட்டருக்குக் குறையாது. லாரிக்குப் பத்து கன மீட்டர் என்று கணக்கிட்டால் ஏறக்குறைய ஏழாயிரம் நடை.

நிலத்தடி நீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதுவே அடிப்படை. நிலையம் என்பது நீர் ஊறிய மண்ணுக்குள் வைத்த வெற்றுப் பெட்டி. 200 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 15 மீட்டர் உயரம் கொண்ட பெட்டியின் கொள்ளளவு 60,000 கன மீட்டர். நீர்மட்டம் பெட்டியின் கூரைக்கு மேல் இருந்தால், 60,000 டன் விசையோடு நீர் அதை மேலே தூக்கப் பார்க்கும். அதை அழுத்திப் பிடிக்கக் கான்கிரீட்டின் எடையும், கூரைக்கு மேலே இரண்டு மூன்று மீட்டர் மண்ணும், பக்கச் சுவர்களை மண் பற்றியிருக்கும் உராய்வும் சேர வேண்டும். போதாவிட்டால் அடித்தளத்தைக் கீழே இழுத்துப் பிடிக்க இழுவைப் பைல்கள் என்னும் தூண்களை மண்ணுக்குள் ஆழமாக இறக்க வேண்டும். ஆட்கள் நடமாடும் சுமையைத் தாங்குவதற்கு மட்டும் அவ்வளவு தடிமனான அடித்தளம் தேவையில்லை. நீர் தூக்கிவிடாமல் இருக்கத்தான் அது தேவைப்படுகிறது. பள்ளத்துக்குள் ஊறும் நீரைக் கட்டுமானக் காலம் முழுவதும் இறைத்துக்கொண்டே இருப்பதும் அவசியம். அப்படி இறைக்கும்போது வெளியே நீர்மட்டம் தாழ்ந்தால் சுற்றியுள்ள மண் இறுகி அமுங்கும், பழைய கட்டடங்களில் விரிசல் விழும். கொல்கத்தாவில் 2019 ஆகஸ்ட் இறுதியில் பௌபஜார் பகுதியில் சுரங்க எந்திரம் நீர் நிறைந்த அடுக்கு ஒன்றைத் துளைத்துவிட, மண்ணும் நீரும் உள்ளே பாய்ந்து மேலே இருந்த பழைய வீடுகள் இடிந்தன. இத்தனைக்கும் அதே வழித்தடம் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் 520 மீட்டர் தூரத்தைச் சேதமின்றிக் கடந்த தடம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வந்து காந்தி ரோட்டு லாட்ஜுகளில் தங்கியிருக்கும் கொல்கத்தாக்காரர்களிடம் பேசிப் பாருங்கள். ஆற்றுக்கடியில் ரயில் போகும் பெருமையையும் பௌபஜாரின் வருத்தத்தையும் அவர்களில் பலர் சேர்த்தே சொல்வார்கள். சென்னையிலும் 2017 ஏப்ரலில் அண்ணா சாலையில் திடீரெனச் சாலை உள்வாங்கி, ஒரு மாநகரப் பேருந்தும் காரும் பள்ளத்தில் இறங்கியது நினைவிருக்கலாம். நல்வேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

இனி வேலூருக்கு வருவோம். கட்ட முடியுமா என்றால், பொறியியல் வகையில் முடியும். ஆனால் சென்னையில் பழகிய முறையை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. வட ஆற்காட்டில் கிணறு வெட்டியவர்களுக்குத் தரையின் குணம் தெரியும்: மேலே செம்மண், அதன் கீழ் சுக்கான், பிறகு உளுத்த பாறை, அதற்குப் பிறகு வெடி வைத்தால்தான் அசையும் கருங்கல். ஒரு நிலத்தில் முப்பதடியில் தட்டிய பாறை அடுத்த நிலத்தில் பத்தடியிலேயே தலைகாட்டும். சுரங்க எந்திரத்துக்கு முழு மண்ணும் பரவாயில்லை, முழுப் பாறையும் பரவாயில்லை. எந்திர முகத்தின் மேற்பாதி மண்ணாகவும் கீழ்ப்பாதி பாறையாகவும் இருப்பதுதான் பெரிய தொல்லை. பாறையை வெட்டுவதற்காக மெதுவாகச் சுழலும் நேரத்தில் மேலே உள்ள இளகிய மண் அதிகமாக உள்ளே வந்து, சாலைக்கு அடியில் வெற்றிடம் உண்டாகும். வெட்டுப்பற்கள் தேய்ந்து உடையும். அவற்றை மாற்ற ஆட்கள் அழுத்தக் காற்றுக்குள் போக வேண்டியிருக்கும். சென்னையில் சைதாப்பேட்டை, கிண்டி பக்கம் பாறை குறுக்கிட்டபோது பட்ட பாடு இதுவே. மலைகள் சூழ்ந்த வேலூரில் இப்படிப்பட்ட தரை நெடுகிலும் இருக்கும் என்றே எதிர்பார்க்க வேண்டும். டயாஃப்ரம் சுவரையும் கருங்கல்லுக்குள் கிராப் எந்திரத்தால் இறக்க முடியாது. பாறைத் தலை வரை சுவரைக் கொண்டுவந்து நிறுத்தி, அதற்குக் கீழே பாறையிலேயே ஆணிகள் அடித்து, கான்கிரீட் பீய்ச்சித் தாங்க வைப்பதுதான் வழக்கம்.

பாறையை எப்படி உடைப்பது என்பது அடுத்த சிக்கல். வயல் கிணற்றில் வெடி வைப்பது போலக் கோட்டைக்கும் மருத்துவமனைக்கும் நடுவில் வைக்க முடியுமா? கனிமச் சுரங்கங்களில் வெடி வைப்பதைக் கண்காணிக்கும் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் வரையறைப்படி, பழம்பெருமை வாய்ந்த கட்டடங்களின் அருகே, குறைந்த அதிர்வெண்ணில் நில அதிர்வு விநாடிக்கு 2 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த வரம்புக்குள் நிற்க வேண்டுமானால் மிகச் சிறிய வெடிகளாக வைக்க வேண்டும், அல்லது துளையிட்டு, விரிவடையும் இரசாயனக் கலவையை ஊற்றிச் சத்தமின்றிப் பிளக்க வேண்டும். வேலை நத்தை வேகத்தில்தான் போகும். சி.எம்.சி.யின் நுண்ணிய ஸ்கேன் கருவிகளுக்கு, கட்டுமானக் காலம் முடிந்தாலும் ரயில் ஓடும் அதிர்வு தொடரும் என்பதால், அந்தப் பகுதியில் தண்டவாளத்தின் கீழ் ரப்பர் அல்லது ஸ்பிரிங் மேல் மிதக்கும் தளம் அமைக்க வேண்டியிருக்கும். உலகில் பல ஊர்களில் செய்திருக்கிறார்கள், செலவு கூடுதல்.

கோட்டையைப் பற்றி எனக்கு விட்டுக்கொடுக்க முடியாத ஒரு கருத்து உண்டு. வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் நினைவுச்சின்னம். 2010இல் திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட முடியும். கோட்டையை ஒட்டிச் செல்லும் ஆபீசர்ஸ் லைன் சாலையில் ஒரு நிலையத்தின் நுழைவாயிலோ காற்றுப்போக்கியோ எழுப்புவது அந்த ஒரு காரணத்தாலேயே நடவாத காரியம். சட்டம் இருக்கட்டும், அகழியை நினைத்துப் பாருங்கள். அகழி நீரும் சுற்றுப்புற நிலத்தடி நீரும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. பக்கத்தில் பதினைந்து இருபது மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, ஆண்டுக்கணக்கில் நீர் இறைத்தால், அகழியின் மட்டம் தாழ்ந்து, பதினாறாம் நூற்றாண்டில் சாந்து இல்லாமல் அடுக்கிய பெருங்கற்களின் அடியில் மண் எப்படி நடந்துகொள்ளும் என்று எந்தக் கணினியும் உறுதியாகச் சொல்லாது. உள்ளே ஜலகண்டேசுவரர் கோயில் இருக்கிறது. கல்யாண மண்டபத்துத் தூண்களைப் பார்த்தவர் எவரும் அந்த அபாயத்துக்கு ஒப்புக்கொள்ள மாட்டார். தில்லியில் செங்கோட்டை அருகே நிலையம் கட்டி 2017 மே மாதம் திறந்தார்கள் என்று சிலர் எடுத்துக்காட்டுவார்கள். தில்லியின் மண் வேறு, அங்கே பயணிகளின் தேவையும் வேறு.

எனவே அப்படி ஒரு தடம் வந்தே தீரும் என்றால், நிலையத்தைக் கோட்டைக்கு எதிரே வைக்காமல், தடையெல்லைக்கு வெளியே தள்ளி, மக்கள் நடந்து வரும் வழிகளைப் பார்த்து இடம் தேர்ந்தெடுக்க வேண்டும். வேலூரில் வெளியூர்க் கூட்டம் எங்கே இறங்கி எங்கே நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்: காட்பாடி சந்திப்பு, புதிய பேருந்து நிலையம், சி.எம்.சி., கடைத்தெரு, பாகாயம். நோயாளியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருபவருக்கு நூறு மீட்டர் கூடுதல் நடை என்பது சாதாரண விஷயமில்லை. மின்தூக்கி எங்கே வெளியே வருகிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். பிறகுதான் நிலையத்தின் முகப்பு அழகு. தீ விபத்து ஏற்பட்டால் நான்கு நிமிடத்துக்குள் நடைமேடை காலியாக வேண்டும், ஆறு நிமிடத்துக்குள் கடைசிப் பயணியும் பாதுகாப்பான இடத்தை அடைய வேண்டும் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் விதி. நடக்க முடியாதவர்கள் மிகுதியாக வரும் ஊரில் இதற்குப் படிக்கட்டுகளை மட்டும் நம்பித் திட்டமிட முடியாது.

பாலாற்றைக் கடப்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை: பாலம்தான். ஆறு வறண்டு கிடப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. மணலுக்கு அடியில் நீர் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது, ஊர்களின் குடிநீர்க் கிணறுகள் அதை நம்பியே இருக்கின்றன. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடிய வெள்ளத்தை வேலூர் இன்னும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட ஆற்றின் கரையோரம் சுரங்க வாயிலைத் திறந்து வைப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

இவ்வளவும் கட்ட முடியுமா என்பதற்கான விடை. கட்டுவார்களா என்பதற்கு விடை சுருக்கமானது. 2017ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கைப்படி, மெட்ரோ கேட்கும் நகரத்துக்கு 20 லட்சம் மக்கள்தொகை எதிர்பார்க்கப்படுகிறது. போட்ட முதலுக்குத் திட்டத்தால் சமூகத்துக்குக் கிடைக்கும் பொருளாதாரப் பலன் ஆண்டுக்கு 14 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கோவை, மதுரை திட்ட அறிக்கைகளையே இந்த மக்கள்தொகைக் காரணத்தைச் சொல்லி ஒன்றிய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. மீனாட்சியம்மன் கோயில் பக்கம் சுரங்கமாகப் போகும்படி வரையப்பட்டிருந்த மதுரைத் திட்டத்துக்கே அந்த நிலை என்றால், 2011 கணக்கெடுப்பில் சுற்றுப்பகுதிகளைச் சேர்த்தும் ஐந்து லட்சத்தைத் தொடாத வேலூருக்கு இப்போதைக்கு வாய்ப்பில்லை. சுரங்கப் பாதைக்கு மேல்மட்டப் பாதையைப் போல இரண்டு மூன்று மடங்கு செலவாகும். அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கைக் கொண்டு, காட்பாடியிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட் வழியாக ஏற்கெனவே போகும் ரயில் பாதையில் அடிக்கடி ஓடும் சிறு ரயில்களை விட்டு, கண்டோன்மென்ட் நிலையத்திலிருந்து சி.எம்.சி.க்கும் பாகாயத்துக்கும் தொடர்பேருந்து ஓட்டினால் பலன் உடனே கிடைக்கும் என்பது என் கருத்து. பாதை இருக்கிறது, மின்சாரமும் இருக்கிறது. குறைவது வண்டிகளும் முனைப்பும்தான்.

இன்னொன்றையும் கவனித்து வாருங்கள். தமிழ்நாடு அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில், மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மண்டல விரைவு ரயிலுக்குச் சாத்தியக்கூறு ஆய்வு அறிவிக்கப்பட்டது. அதில் சென்னை - காஞ்சிபுரம் - வேலூர் தடம் 140 கிலோமீட்டர். சென்னை மெட்ரோவைப் பூந்தமல்லியிலிருந்து சுங்குவார்சத்திரம் வழியே பரந்தூர் வரை நீட்டும் திட்டமும் இருக்கிறது. வேலூர்க்காரர்களுக்கு உண்மையாகப் பயன்படப் போவது இந்த இரண்டும்தான். விரைவு ரயில் வேலூரில் எங்கே முடிகிறது என்பதில் ஊர் விழிப்பாக இருக்க வேண்டும். நெடுஞ்சாலையோரம் ஊருக்கு வெளியே நிலையத்தை வைத்துவிட்டால், ஒரு மணி நேரத்தில் சென்னையிலிருந்து வந்தவர் அங்கிருந்து ஊருக்குள் வர இன்னொரு மணி நேரம் செலவிட நேரும்.

கடைசியாக உங்கள் அப்பாவின் கடை. மெட்ரோ வராவிட்டாலும் மேம்பாலம், பாதாளச் சாக்கடை, பெரிய வணிக வளாகத்தின் அடித்தளம் என்று ஆழமாகத் தோண்டும் வேலை ஏதாவது பக்கத்தில் வரக்கூடும். ஆகவே இதைச் சொல்லிவைப்பது பயன்படும். தில்லியில் சாவ்ரி பஜார் நிலையம் 2005இல் திறக்கப்பட்டது. லாங் பஜாரைவிட நெரிசலான பழைய கடைவீதிகளின் அடியில், பாறைக்குள் ஆழமாகப் போய்க் கட்டியிருக்கிறார்கள். மேலே கடைகள் இன்றும் நடக்கின்றன. கடைத்தெருவின் அடியில் வேலை நடந்தாலே கடை போய்விடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் சுற்றியுள்ள கட்டடங்களை ஒவ்வொன்றாக ஆய்வு செய்து, இருக்கும் விரிசல்களைப் படமெடுத்துப் பதிவு செய்வது ஒப்பந்தக்காரரின் கடமை. அப்படி வரும்போது வீட்டில் ஆள் இல்லை, கடை பூட்டியிருந்தது என்று தட்டிக்கழிக்காமல் உள்ளே விட்டு எல்லாச் சுவர்களையும் காட்டுங்கள். பரணுக்குப் பின்னால் மறைந்திருக்கும் சுவரையும் சேர்த்து. இரு தரப்பும் கையெழுத்திட்ட அறிக்கையின் நகல் ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். சுவரில் விரிசலின் குறுக்கே ஒட்டும் அளவுபார்க்கும் கண்ணாடித் துண்டைப் பிள்ளைகள் பெயர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாரந்தோறும் அதில் தெரியும் அளவை நீங்களும் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பின்னாளில் இழப்பீடு என்று பேச்சு வந்தால், வேலைக்கு முன்பே இருந்த விரிசல் எது, வேலையால் வந்த விரிசல் எது என்பதில்தான் வழக்கு முழுவதும் நிற்கும். கிணறோ ஆழ்துளைக் கிணறோ இருந்தால் அதன் நீர்மட்டத்தையும் வேலை தொடங்குவதற்கு முன், கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும், அளந்து எழுதி வைத்துவிடுங்கள்.